குழாய் ஒழுகினால்: மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

குழாய் சொட்டத் தொடங்கியதும் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். வாளி நிரம்பி வாசலில் ஓடத் தொடங்கிய பிறகு டவுனுக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்து பூட்டுகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் சொட்டுகிறது. "இப்ப வர்ற சாமானே சரியில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாளி.

சாமான் சரியில்லாமலும் இருக்கலாம். ஆனால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளைப் பக்கத்து வீடுகளில் குழாயைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உயரம். மற்றது, தண்ணீரோடு இறங்கி வரும் மணல். இவற்றைக் கவனிக்காமல் எத்தனை குழாய் மாற்றினாலும் காசுதான் போகும். எந்தக் கோளாறு ஒரு வாஷரோடு முடியும், எப்போது முழுக் குழாயையும் மாற்றத்தான் வேண்டும் என்பதைக் குழாயே காட்டிக்கொடுக்கும். அதை அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

முதலில் படிகளை எண்ணுங்கள்

தொட்டி உங்கள் வீட்டைவிட 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்கும். தொட்டி பெரிதா சிறிதா, பைப் தடிப்பா மெல்லிதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. உயரம் மட்டும்தான். அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், தொட்டிக்கு ஏறிப்போகும் படிகளை எண்ணினால் போதும். ஒரு படி ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 200 படிக்கு 100 அடி, அதாவது சுமார் 3 பார். மேல்கணக்குத் தொட்டியிலிருந்து (தோட்டத்தின் மேல் பிரிவு) கீழ்க்கணக்கு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) 400 படி இறங்க வேண்டுமென்றால் 6 பார். வீட்டுக் குழாய்க்கு 5 பாருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய குழாய் மேல் லயத்தில் வருடக்கணக்காக உழைக்க, கீழ் லயத்தில் சீக்கிரமே ஒழுகுவதற்கு இதுதான் காரணம். கீழே இருப்பவர்கள் முரட்டுத்தனமாகத் திருகுகிறார்கள் என்று குறை சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும். அப்போது அழுத்தம் இறங்கிவிடும். நடுச்சாமத்தில் எல்லாம் மூடியிருக்க, தொட்டியின் முழு உயரமும் உங்கள் குழாயின் மேல் உட்காரும். அதனால் குழாய் சரியாகிவிட்டதா என்பதை மாலையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் பாருங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

ஒரு ஷிஃப்டிங் ஸ்பேனர், ஒரு பைப் ரென்ச், ஸ்க்ரூ டிரைவர், குறடு, டோர்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், திரெட் டேப் (மரையில் சுற்றும் மெல்லிய நாடா), அரை அங்குல வாஷர் இரண்டு மூன்று. வீட்டுக் குழாய்களில் மிகப் பெரும்பாலானவை அரை அங்குல மரைதான். ஆனாலும் பழைய குழாயை, அல்லது பழைய வாஷரையாவது, கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுகிற ஒரு சாமான் அரை அங்குல பிளக், அதாவது மரை உள்ள மூடி. மிகக் குறைந்த விலைதான். லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கு (வீட்டுக்கு) ஒரே லைன், ஒரே வால்வ். நீங்கள் பழைய குழாயைக் கழற்றிய பிறகு புதியது பொருந்தவில்லை என்றால், திரும்ப டவுனுக்குப் போய் வரும்வரை அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பிளக் இருந்தால் அதைப் பூட்டிவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, நிதானமாகப் போய் வரலாம்.

தண்ணீரை அடைக்கும் முன் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்குச் சொல்லுங்கள். "அக்கா, ஒரு மணித்தியாலம் தண்ணி இருக்காது, புடிச்சி வைச்சிக்குங்க" என்று சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல. சரிவில் போகும் லைனை மேலே அடைத்துவிட்டுக் கீழே யாராவது குழாயைத் திறந்தால், பைப்பில் உள்ள தண்ணீர் கீழே இறங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த நேரத்தில் நடு வீட்டில் ஒரு ஹோஸின் நுனி வாளிக்குள் கிடந்தால் வாளித் தண்ணீர் லைனுக்குள் உறிஞ்சப்படும். மரக்கறித் தோட்டம் உள்ள இடங்களில் அந்த ஹோஸ் மருந்து கலக்கும் பீப்பாவுக்குள்ளும் கிடக்கலாம். தண்ணீரை அடைப்பதற்கு முன் எல்லா ஹோஸையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் எந்த அவசரத்திலும் விடக் கூடாது.

உங்கள் காம்பராவுக்குத் தனி வால்வ் இல்லையென்றால், இந்த வேலையோடு ஒன்று போட்டுவிடுங்கள். அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அறிகுறி: இறுக மூடினாலும் சொட்டுகிறது

பத்து நிமிடத்தில் ஒரு 200 மில்லிலீற்றர் கிளாஸ் நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லீற்றர் போகிறது. லைனின் கடைசி வீட்டில் இருப்பவர் பீலிக்கு (ஊற்று நீர் விழும் இடத்துக்கு) நடந்துபோய்க் குடத்தில் தூக்கி வருவதும் அதே தண்ணீர்தான்.

இன்னும் இறுக்கித் திருகுவது இதற்கு மருந்து ஆகாது. ரப்பர் நசுங்கி இன்னும் சீக்கிரம் கிழியும்.

கைப்பிடியைத் திறந்து பாருங்கள். மூன்று நான்கு சுற்று சுற்றினால்தான் முழுதாகத் திறக்கிறது என்றால் அது வாஷர் குழாய். கால் சுற்றிலேயே திறந்தால் உள்ளே இரண்டு செராமிக் தட்டுகள் கொண்ட கார்ட்ரிஜ் இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வாஷர் குழாய் என்றால் தண்ணீரை அடைத்துவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து உள்ளே மிச்சம் இருப்பதை வடிய விடுங்கள். கைப்பிடி திறந்த நிலையிலேயே இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே வாஷரைத் தாங்கியிருக்கும் ஜம்பர் மேலே தூக்கி நிற்கும். கைப்பிடிக்குக் கீழே உள்ள பெரிய ஆறு பக்க நட்டில் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். அப்படித் திருப்பும்போது குழாயின் உடம்பை மறு கையால், துணி சுற்றிய ரென்ச்சால், அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் தலை கழல்வதற்குப் பதில் முழுக் குழாயும் சுவருக்குள் சுற்றி, அங்கே இருந்த திரெட் டேப் பிய்ந்துவிடும். சொட்டை நிறுத்தப் போய்ச் சுவர்க் கசிவை வாங்கிக்கொண்ட கதைகளில் பாதி இப்படி வந்தவைதான்.

தலை கழன்றதும் அதன் அடியில் ஜம்பரும் அதில் ஒட்டிய வாஷரும் இருக்கும். சில குழாயில் ஜம்பர் உள்ளேயே தங்கிவிடும், குறட்டால் மெதுவாக எடுங்கள். பழைய வாஷரைக் கழற்றி அதே அளவில் புதியதைப் போட்டு, தலையைத் திரும்பப் பூட்டினால் வேலை முடிந்தது.

பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போடுவது நம் வீடுகளில் நெடுநாளைய பழக்கம். கடை இல்லாத ராத்திரியில் அது கெட்டிக்காரத்தனமான உதவிதான். ஆனால் செருப்பு ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அழுத்தத்தில் அவை நசுங்கி, கொஞ்ச நாளில் துணுக்கு துணுக்காகப் பிய்ந்து வாயில் அடைத்துக்கொள்ளும். மறுநாளே நல்ல வாஷருக்கு மாற்றிவிடுங்கள்.

தலையைத் திரும்பப் பூட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உள்ளே டோர்ச் அடித்து, வாஷர் வந்து உட்காரும் வட்ட விளிம்பைப் பாருங்கள். அதற்கு சீட் என்று பெயர். விரல் நுனி எட்டினால் அதைச் சுற்றித் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. ஓர் இடத்தில் மெல்லிய கீறலோ பள்ளமோ தட்டுப்பட்டால், புது வாஷர் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி சொட்டும்.

அந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால், வாளி வைத்துக் காத்திருக்க மனம் வராது. வாஷர் லேசாகக் கிழிந்ததும் ஒரு மயிரிழை இடைவெளி உண்டாகிறது. அதன் வழியே நான்கைந்து பார் அழுத்தத்தில் தண்ணீர் பீறிடுகிறது. அதோடு நுண்ணிய மணலும் போகிறது. இரவும் பகலும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் பித்தளை அறுபடத்தான் செய்யும். சொட்டத் தொடங்கிய வாரமே மாற்றினால் வாஷரோடு போகும். விட்டுவைத்தால் சீட் போய்விடும், சீட் போனால் குழாயே போனது மாதிரிதான். சீட்டைச் சீவிச் சரிசெய்யும் கட்டர் சில பாஸ்மாரிடம் (குழாய் வேலை செய்பவர்களிடம்) உண்டு. பித்தளைக் குழாயில் அது வேலை செய்யும். மலிவான குழாய் என்றால் அந்தக் கூலிக்குப் புதுக் குழாயே வாங்கிவிடலாம்.

கால் சுற்றுக் குழாய் என்றால் கைப்பிடியையும் மேல் மூடியையும் கழற்றி கார்ட்ரிஜை வெளியே எடுங்கள். அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பல நேரம் அதில் சிக்கிய மணல்தான் குற்றவாளி. சுத்தத் தண்ணீரில் திறந்து மூடி அலசிப் பூட்டிப் பாருங்கள். இன்னும் சொட்டினால் தட்டில் கீறல் விழுந்திருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம், முடியாது. கார்ட்ரிஜை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நீளம், மேலே உள்ள பல்லின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திருப்பினால் மூடுகிறது என்ற மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதுதான்.

என் அபிப்பிராயம் இது: ஊற்றுத் தண்ணீர் நேராக வரும் வெளிக் குழாய்க்குக் கால் சுற்று வேண்டாம். மணல் வந்தாலும் ரப்பர் வாஷர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், செராமிக் தட்டு விட்டுக்கொடுக்காது. வீட்டுக்குள், வடிகட்டி வரும் தண்ணீருக்குக் கால் சுற்று நல்லது. வயதானவர்களுக்கும் கை வலி உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி.

சரி, பகலில் சொட்டுவதே இல்லை, ராத்திரி மட்டும் சொட்டுகிறது என்றால்? குழாய் இன்னும் முழுதாகக் கெடவில்லை, அழுத்தம் அதிகம். வாஷரையும் மாற்றுங்கள், அழுத்தத்தையும் குறையுங்கள். அழுத்தம் குறைக்கும் வால்வ் கடைகளில் விற்கிறது. ஆனால் மணல் தண்ணீரில் அதுவும் அடைபடும். அதைவிட எளிய வழி, வீட்டுக்கு மேலே ஒரு சிறிய தொட்டி வைத்து, மிதவை வால்வ் மூலம் அதை நிரப்பி, அங்கிருந்து குழாய்களுக்கு எடுப்பது. 3 மீற்றர் உயரத்தில் வைத்தால் 0.3 பார்தான். மணலும் தொட்டியின் அடியில் படிந்துவிடும். இரண்டு பிரச்சினையும் ஒரே செலவில் தீரும். இந்தக் குறைந்த அழுத்தத்தில் சில மழைக் குளியல் ஷவர்கள் மட்டும் மெதுவாக வரும், அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: திறந்திருக்கும்போது கைப்பிடியின் கீழ் கசிகிறது, மூடினால் நின்றுவிடுகிறது

பயப்பட ஒன்றும் இல்லை. தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் தேய்ந்திருக்கிறது. கைப்பிடிக்கு நேர் கீழே உள்ள சின்ன நட்டை வலப்பக்கம் கால் சுற்று இறுக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தண்ணீரை அடைத்துவிட்டு அந்த நட்டைக் கழற்றி, திரெட் டேப்பை நூலாக முறுக்கித் தண்டைச் சுற்றி வைத்து, நட்டைத் திரும்பப் பூட்டுங்கள். கைப்பிடி சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கிவிட வேண்டாம். சில குழாயில் பேக்கிங்குக்குப் பதில் ஓ வளையம் இருக்கும். அது என்றால் புதிய வளையம்.

அறிகுறி: சுவரோடு சேரும் இடத்தில் ஈரம்

குழாயைக் கழற்றி மறுபடி பூட்டத்தான் வேண்டும். புதுக் குழாய் மாற்றுவதும் இதே வேலைதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் உள்மரை உள்ள பீவிசி எல்போ (வளைந்த இணைப்பு). உங்கள் முழு எதிரியும் நண்பனும் அதுதான். குழாயை இடப்பக்கமாகத் திருப்பும்போது அந்த எல்போவும் சேர்ந்து திரும்பினால் சுவருக்குள் பைப் முறிந்துவிடும். லயத்துச் சுவர்களில் பைப் வெளியே தெரியும்படி ஓடினால் எல்போவை இன்னொரு ரென்ச்சால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். சுவருக்குள் புதைந்திருந்தால் ஒரே மூச்சில் பலம் கொடுக்காமல், முதலில் ஒரு நூலளவு வலப்பக்கம் இறுக்கி, பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். ஒட்டிப்போன மரை அப்படித்தான் விடும்.

நுவரெலியாவில் தை மாதத்து உறைபனிக் காலையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். குளிரில் பீவிசி எளிதில் உடையும் தன்மை அடைகிறது. வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். இளக்குவதற்காகக் கொதிநீர் ஊற்றவும் வேண்டாம், சுமார் 80 பாகை செல்சியஸில் பீவிசி இளகத் தொடங்கிவிடும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் குழாயின் மேல் சுற்றி வைத்தால் போதும்.

பழைய பங்களா, பழைய லயங்களில் ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்பு பைப் இருக்கும். துரு பிடித்த மரையில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பைப்பை ஒரு ரென்ச்சால் பிடித்துக்கொண்டு குழாயை மற்றதால் திருப்புங்கள். பைப் சேர்ந்து சுழல்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். துருவேறிய இரும்பு பைப் எங்கே உடையும் என்று சொல்ல முடியாது, அது பாஸுக்கு உரிய வேலை.

குழாய் கழலாமல் அதன் மரைத் துண்டு மட்டும் உள்ளே முறிந்து தங்கிவிட்டால், ஹெக்ஸோ பிளேடை மட்டும் கையில் பிடித்து அந்தத் துண்டின் உட்பக்கமாக ஓர் ஓரத்தில் மெதுவாக அறுங்கள். எல்போவின் மரையைத் தொடும் முன் நிறுத்துங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த வெட்டை உள்பக்கம் மடித்தால் துண்டு தளர்ந்து வந்துவிடும்.

கழற்றிய பிறகு மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பையும் அழுக்கையும் பிரஷ்ஷால் முழுதும் எடுங்கள். அப்புறம், புதுக் குழாயைத் தொடும் முன், வாயில் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு வால்வைச் சில விநாடி திறந்துவிடச் சொல்லுங்கள். லைனை அடைத்துத் திறக்கும்போது பைப்பின் உள்ளே படிந்திருந்த சேறும் துருவும் கிளம்பி வரும். அதைக் கழுவி விடாமல் புதுக் குழாயைப் பூட்டினால், அதன் முதல் நாளே கடைசி நாளாகவும் ஆகலாம். வாளியில் என்ன விழுகிறது என்று பார்த்தாலே உங்களுக்கு விளங்கும்.

அடுத்தது அளவு பார்ப்பது. டேப் இல்லாமல் புதுக் குழாயைக் கையால் பூட்டிப் பாருங்கள். டைல் ஒட்டிய சுவர் என்றால் எல்போ உள்ளே தள்ளி இருக்கும், குழாயின் மரை எட்டாது, அல்லது இரண்டு மூன்று சுற்று மட்டுமே பிடிக்கும். அப்படியென்றால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (நீட்டிப்பு மரைத் துண்டு) ஒன்று நடுவில் போட வேண்டும். நான்கு சுற்றுக்குக் குறைவாகப் பிடிக்கும் குழாயை டேப்பால் சமாளிக்க நினைக்காதீர்கள்.

திரெட் டேப் சுற்றும் திசை முக்கியம். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் பூட்டும்போது டேப் சுருண்டு வெளியே தள்ளப்படும். டேப்பை இழுத்துப் பிடித்து, மரையின் பள்ளத்துக்குள் பதியும்படி சுற்ற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று. தடித்த டேப் என்றால் ஐந்தாறு போதும்.

முதல் சுற்றுகளைக் கையால்தான் போட வேண்டும். சாய்வாக ஏறினால் உடனே தெரியும், இறுக்கமாக இருக்கும். கழற்றி மறுபடி நேராக வையுங்கள். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. பிளாஸ்டிக் எல்போவில் அதற்கு மேல் இறுக்கினால் எல்போ பிளந்துவிடும். அந்தப் பிளவு அன்றைக்குத் தெரியாது, அழுத்தம் ஏறும் ஒரு ராத்திரியில் தெரியும்.

கடைசியில் குழாயின் வாய் கோணலாக நின்றால் பின்னோக்கித் திருப்பி நேராக்காதீர்கள். பின்னால் திருப்பியதுமே டேப்பின் பிடி போய்விடும். முன்னோக்கி இன்னும் கொஞ்சம் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் கழற்றி, புது டேப் இரண்டு மூன்று சுற்று கூட்டியோ குறைத்தோ சுற்றி மறுபடி பூட்டுங்கள். சலிப்பாக இருக்கும்தான், ஆனாலும் இதைச் செய்யுங்கள்.

வால்வை மெதுவாகத் திறந்து காற்று வெளியேறும்வரை குழாயைத் திறந்தே வைத்திருங்கள். மூடிய பிறகு சுவரோடு சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு துண்டு பத்திரிகைத் தாளை அதைச் சுற்றிக் கட்டி ராத்திரி முழுவதும் விடுங்கள். காலையில் தாள் உலர்ந்திருந்தால் பூட்டு சரி. கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: கைப்பிடி சுற்றிக்கொண்டே போகிறது

மேலே உள்ள ஸ்க்ரூவைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிட்டு, தண்டைக் குறட்டால் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் கைப்பிடியின் உட்பல் மட்டும் தேய்ந்திருக்கிறது, கைப்பிடி மாற்றினால் போதும். தண்டும் வழுக்கிக்கொண்டே சுற்றினால் உள்மரை போய்விட்டது. குழாயை மாற்றுங்கள்.

அறிகுறி: தண்ணீர் நூல்போல வருகிறது

ஒரு குழாயில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அதன் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் தண்ணீர், அங்கே சல்லடையில் சுண்ணாம்பு படியும், வினாகிரியில் ஊறவைப்பார்கள். நம் பக்கத்து ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. இங்கே சல்லடையில் இருப்பது மணல், இலைத் துணுக்கு, துரு. பிரஷ்ஷால் தேய்த்து எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டால் போதும்.

எல்லாக் குழாயிலும் குறைவென்றால் குழாயைத் தொடவே வேண்டாம். மலையில் லைன் ஏறி இறங்கிப் போகும். மேடான இடத்தில் காற்று தங்கிவிட்டால் தண்ணீர் அதைத் தாண்டத் திணறும். குழாய் துப்பித் துப்பி வருவது அதன் அடையாளம். மேட்டுக்குக் கீழே உள்ள எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் ஓட்டத்தின் வேகத்தில் காற்று வெளியேறலாம். அடிக்கடி வந்தால் அந்த மேட்டில் காற்று விடும் வால்வ் வைப்பதுதான் நிரந்தர வழி.

மழைக்குப் பிறகு குறைந்தால் ஊற்றுத் தலையில் உள்ள சல்லடை அடைத்திருக்கும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கத்துக்கு வருட இறுதி மழைதான் பெரிது. அந்த மாதங்கள் தொடங்கும் முன்பே ஊற்றுத் தலையையும் தொட்டியையும் சுத்தம் செய்ய எல்லா வீட்டாரும் ஒரு ஞாயிறு ஒதுக்கினால், அந்த வருடத்து வாஷர் செலவு நிச்சயம் குறையும். வீட்டு வால்வுக்கு முன்னால் ஒரு சிறு ஸ்ட்ரெய்னர் (சல்லடை வடிகட்டி) போட்டுக்கொள்வதும் நல்லது. குழாய் வாயில் துணி கட்டுவது மணலைப் பிடிக்கும், ஆனால் அது உங்கள் பாத்திரத்தைக் காப்பாற்றுமே தவிர வாஷரைக் காப்பாற்றாது. மணல் வாஷரைத் தாண்டித்தானே துணிக்கு வருகிறது. துணி கட்டினால் தினமும் துவையுங்கள்.

அறிகுறி: குழாய் அலறுகிறது, அல்லது மூடும்போது 'டொம்' என்று இடிக்கிறது

பாதி திறந்திருக்கும்போது அலறினால் ஜம்பரோ வாஷரோ தளர்ந்து ஆடுகிறது. வாஷரை மாற்றி இறுக்கினால் நின்றுவிடும்.

மூடும்போது இடித்தால் அது வேறு. நெடுந்தூரம் சரிவில் இறங்கி வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தும்போது அதன் வேகம் முழுவதும் பைப்பில் மோதுகிறது. கால் சுற்றுக் குழாயில் இது அதிகம். மெதுவாக மூடப் பழகுங்கள், ஆடும் பைப்பைச் சுவரில் கிளிப் அடித்து இறுக்குங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். அலட்சியமாக விட்டால் ஒட்டிய மூட்டுகள் ஒவ்வொன்றாக விடும்.

அறிகுறி: சுடுதண்ணீர் மிக்ஸர் பூட்டிய பிறகு மேல் தொட்டி தானாக வழிகிறது

ஹீட்டர் வைத்த வீடுகளில் வரும் கோளாறு இது. குளிர்ந்த தண்ணீர் மலை லைனிலிருந்து நேராக 4, 5 பாரில் வருகிறது. ஹீட்டருக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்து அரை பாருக்கும் குறைவாக வருகிறது. மிக்ஸருக்குள் இரண்டும் சந்திக்கும்போது பலமானது பலவீனமானதைத் தள்ளிக்கொண்டு, ஹீட்டர் வழியாகத் தொட்டிக்கே ஏறிவிடும். சுடுதண்ணீர் வரவே வராது. மிக்ஸர் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். இரண்டையும் ஒரே தொட்டியிலிருந்து எடுப்பதுதான் சரியான தீர்வு.

மிக்ஸரின் கைப்பிடிக்குக் கீழே சொட்டினால் உள்ளே உள்ள கார்ட்ரிஜை மாற்றலாம், 35 அல்லது 40 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஆனால் சுடுதண்ணீர்ப் பக்கம் எதைக் கழற்றுவதென்றாலும் முதலில் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு அதற்குப் போகும் தண்ணீரை அடைத்து, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கியதா, சூடு தணிந்ததா என்று பார்த்த பின்பே ஸ்பேனரைத் தொடுங்கள்.

அறிகுறி: குழாய் காய்ந்திருக்கிறது, சுவர் நனைந்திருக்கிறது

குழாய்க்குக் கீழே பெயின்ட் உப்பி, பாசி படர்ந்து, குழாயில் மட்டும் ஒரு சொட்டும் இல்லை என்றால் சுவருக்குள் எல்போ வெடித்திருக்கலாம். மழைக்காலத்தில் மண் சுவர் ஈரமும் இப்படித்தான் தெரியும் என்பதால் உடனே சுவரை உடைக்காதீர்கள். நீர் வழங்கல் சபையின் மீற்றர் உள்ள வீடென்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. மீற்றர் இல்லையென்றால் இரண்டு நாள் ராத்திரி வீட்டு வால்வை மூடி வைத்து ஈரம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் பைப், குறையாவிட்டால் மழை.

பைப்தான் என்றால் பூச்சைச் செதுக்கி எல்போவை வெளியே எடுத்து, பைப்பை நல்ல இடத்தில் நேராக அறுத்து, எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை உள்ள புதிய எல்போவை ஒட்ட வேண்டும். அறுத்த விளிம்பின் பிசிரைச் சீவி, ஈரத்தைத் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பி அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். குளிரிலும் ஈரக் காற்றிலும் பசை இறுக நேரம் பிடிக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் சூடான ஊருக்கு என்று வைத்துக்கொண்டு, ஒரு ராத்திரி முழுவதும் விட்டு, காலையில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். சுவரை உடனே பூச வேண்டாம். இரண்டு மூன்று நாள் திறந்தே கிடக்கட்டும், முழு அழுத்தம் ஏறிய ராத்திரிகளுக்குப் பிறகும் மூட்டு உலர்ந்திருந்தால் அப்போது சீமெந்து குழைக்கலாம்.